சென்னைக்கு மிக அருகில், கான்ட்டுக்கு ரவ தூரம்

வாடா நைனா, உக்காரு. அந்தக் கட்டில்ல வேணாம், அது உன் ஆயாவோடது. வேற யாராவது அதுல உக்காந்தாங்கன்னா அவளுக்கு அன்னிக்கு ராத்திரி தூக்கம் வராது. இப்படித் திண்ணையில, கெழக்க பாத்துக் குந்து. எதுக்குக் கெழக்கன்னு என்னைக் கேக்காதே. அதைத்தான் நீ மெட்ராஸ்ல காசு கட்டிப் படிக்கிறியே.

'ஸ்பேஸ்' பத்தி ஆராய்ச்சி பண்றேன்னு நீ போன்ல சொன்ன அன்னிக்கே உன் ஆயா தெரு முச்சூடும் லட்டு குடுத்துட்டா. பழவேற்காட்டு ஏரிக்கு அந்தாண்ட ராக்கெட் உடுற எடத்துல பேரனுக்கு வேலை கெடைச்சிடுச்சுன்னு அவ கணக்கு. தடாவுல பொறந்தவளுக்கு வேற எப்படித் தோணும்? 1971 அக்டோபர்ல ஸ்ரீஹரிகோட்டாவுலேருந்து மொத ராக்கெட் போன காலத்துலேருந்து பாத்துக்கினு இருக்கறவ. 'இது அது இல்ல ஆயா, தத்துவம்'னு நீ விளக்கம் சொன்னப்ப லட்டு தீந்துபோச்சு. குடுத்ததைத் திருப்பி வாங்கவா முடியும்? கேக்குறவங்களுக்கு இப்ப நான்தான் பதில் சொல்லிக்கினு இருக்கேன். பையன் ராக்கெட் உடல, ராக்கெட் எதுக்குள்ள போவுதோ அது இன்னான்னு கேட்டுக்கினு இருக்கான்னு. டீக்கடைக்காரன் உடனே சொல்லிட்டான்: "அது சும்மா காலியாத்தானே கெடக்குது?"

அவனை ஏளனமாப் பாக்காதே. நியூட்டன் சொன்னதும் கிட்டத்தட்ட அதுதான்னு நீதான் நேத்து சொன்னே. எங்கயும் ஒரே மாதிரி, அசையாம, ஆருக்காகவும் மாறாம ஒரு பெரிய காலி அண்டா. பொருளுங்க அதுக்குள்ள வந்து குந்திக்கினு இருக்குது. டீக்கடைக்காரன் இங்கிலீஷுல எழுதல, அவ்வளவுதான் வித்தியாசம்.

உன் கும்பல் அதை ஒத்துக்காது. உன் படிப்பு பேரு இன்னா, பினாமினாலஜியா? நான் மொதல்ல அதைப் பினாமி சொத்தைப் பத்தின படிப்புன்னு நெனச்சு சந்தோஷப்பட்டேன். நெலத்து வெல ஏறின நாள்லேருந்து இந்தப் பக்கம் அதுல நெறைய பேரு பண்டிதருங்க, உனக்கு வாத்தியாருக்குப் பஞ்சம் வந்திருக்காது. நிகழ்வியல்னு நீ சொன்னப்பறம்தான் வேற சங்கதின்னு புரிஞ்சுது. ஒரு பொருள் மனுஷனுக்கு எப்படித் தெரியவருதோ, அந்த விதத்தை உட்டுட்டு அந்தப் பொருளைப் பத்திப் பேசாதேன்னு சொல்றாங்க. மீட்டரும் கிலோமீட்டரும் அப்பால வந்தது. அதுக்கு முன்னாடியே கிட்ட, தூரம், மேல, கீழ, நம்ம ஊரு, அசலூருன்னு மனுஷன் ஒரு வெளியில வாழ்ந்துக்கினுதான் இருந்தான்னு சொல்றாங்க. சரி, நியாயம். இதைச் சொல்ல ஜெர்மனியில பொறக்கணுமான்னு ஒண்டி கேக்கத் தோணுது.

அந்த ஹைடெக்கர்னு ஒருத்தரு. 1927-ல எழுதின தடிப் பொஸ்தகத்துல, மூக்கு மேல குந்தியிருக்குற கண்ணாடி எதிர் செவுத்துப் படத்தை விட மனுஷனுக்குத் தூரம்ங்கறாரு. படத்தைப் பாக்குறவனுக்குக் கண்ணாடி ஞாபகத்துலயே வராது. எதுமேல அக்கறையோ அதுதான் கிட்டன்னு அவரு கணக்கு. இதை யுனிவர்சிட்டில எத்தினி பேரு நம்புறாங்கன்னு எனக்குத் தெரியாது. ஆனா முழு மனசா நம்பி, அதுல சோறு துன்னு, கார் வாங்கினவன் நம்ம பிளாட்டு வியாபாரி. ஹைவேயில போர்டைப் பாத்தியா? 'சென்னைக்கு மிக அருகில்'. எழுவது எம்பது கிலோமீட்டர்டா அது! கேட்டா இன்னா சொல்றான்? "அண்ணா, மனசு வச்சா கிட்டதான்." ஹைடெக்கரு இருந்திருந்தா அவன் காலைத் தொட்டுக் கும்பிட்டு ஒரு பிளாட்டுக்கு அட்வான்ஸ் குடுத்திருப்பாரு.

இங்க ரவ நில்லு. அக்கறை இருந்தா கிட்டங்கறது பகல்ல பேசுற பேச்சு. இரக்கம் தீவுன்னு ஏரிக்கு நடுவுல ஒரு ஊரு இருக்கே, தடா மண்டலம்தான், பீமுனிவாரிபாளையத்துத் தொறையிலேருந்து படகு ஏறிப் போற ஊரு. அங்க ஒரு பொம்பளைக்கு அர்த்த ராத்திரியில வலி எடுக்குதுன்னு வச்சுக்க. வாடைக்காத்து மூஞ்சியில அடிக்குது. அவ புருஷனுக்கு அந்த நேரத்துல ஆஸ்பத்திரியை விட அக்கறையான எடம் லோகத்துலயே கெடையாது. கிட்ட வந்துச்சா? வரலியே. அவ்வளவு அக்கறை இருக்கறதுனாலதான் அது அத்தினி தூரமாப் போச்சு. உன் தீசிஸ்ல இதை எழுது, பேரு போட வேணாம்.

சரி, கோவிச்சுக்காதே. அவங்க கும்பல்ல எனக்குப் பிடிச்சவரு ஒருத்தரு இருக்காரு. பிரெஞ்சுக்காரர், மெர்லோ-பான்ட்டி. 1945-ல வந்த பொஸ்தகத்துல கண்ணு தெரியாதவன் கையில இருக்குற குச்சியைப் பத்தி எழுதியிருக்காருன்னு நீ படிச்சுக் காட்டினப்ப, இந்தாளு படகு தள்ளியிருப்பாரோன்னு எனக்கு சந்தேகமாப் போச்சு. குச்சி பழகினவனுக்குக் குச்சி ஒரு பொருளே இல்ல, அவன் தொடுறது உள்ளங்கையில இல்ல, குச்சியோட நுனியிலன்னாரு பாரு, அது.

அந்த மூலையில சாத்தியிருக்கற கழியைப் பாரு. பழவேற்காட்டு ஏரி இருக்கே, சில்காவுக்கு அடுத்தபடி இந்தியாவுல பெரிய உவர்த்தண்ணி ஏரி, ஆனா ஆழம்னு பாத்தா முக்காவாசி எடத்துல இடுப்பு மட்டம்தான். துடுப்பு போட்டா தரை தட்டும். அதனால கழி ஊன்றித் தள்றது. புதுசாப் படகு ஏறின பையன் இன்னா பண்ணுவான் தெரியுமா? கழியைக் குனிஞ்சு குனிஞ்சு பாப்பான், கையைப் பாப்பான், அப்படியே தண்ணியில உழுவான். பழகினவன் எங்கயோ பாத்துக்கினு பீடி புடிச்சுக்கினு போவான். ஆனா அவனுக்கு அடியில நடக்குறது அத்தினியும் தெரியும். சேறுன்னா கழி உள்ள போயி, திருப்பி இழுக்கறப்ப வாயால உறிஞ்சுற மாதிரி புடிச்சு இழுக்கும். மணல்னா 'சரக்'குனு நின்னு உன்னை எதிர்த்துத் தள்ளும். கிளிஞ்சல் கெடந்தா நரநரன்னு பல்லுல ஏறும். கையில இல்ல, பல்லுல. சேறும் மணலும் கலந்த எடம்னா எறாலு இருக்கும்னு கழி நுனிதான் சொல்லும். எனக்கு ரெண்டு கண்ணும் நல்லாத்தான் இருந்துச்சு. தண்ணி கலங்கல், கண்ணால அங்க இன்னா பிரயோஜனம்? நாப்பது வருஷம் எனக்கு அந்த ஏரியோட அடித்தரை இந்தக் கழியோட கடைசிச் சாண்லதான் இருந்துச்சு. இப்ப சும்மா கையில எடுத்தாக்கூட நுனி எதையாவது தேடுது.

அந்த ஏரியில வெறும் தண்ணின்னு ஒரு எடம் காட்டு பாக்கலாம். உனக்குத்தான் எல்லாம் ஒரே மாதிரி பளபளன்னு தெரியுது. எங்களுக்கு அங்க பாடு இருக்கு. பாடுன்னா மீன்புடி எடம்; எந்த எடத்துல இன்னிக்கு எவன் வலை கட்டலாம்னு ஊரு கூடி முறை வச்சு வுடறது. நல்ல எடம் எப்பவும் ஒருத்தனுக்கே போயிடக் கூடாது, மட்டமான எடம் எப்பவும் ஒருத்தன் தலையிலயே உழக் கூடாது, அதுதான் சூட்சுமம். பழவேற்காட்டுப் பக்கத்துக் குப்பங்கள்ல பெரிய பெரிய படிப்பாளிங்க வந்து இதைப் பத்தி எழுதிட்டுப் போயிருக்காங்க. வேலி இல்ல, கல்லு இல்ல, பட்டா இல்ல. தண்ணி நிமிஷத்துக்கு நிமிஷம் மாறுது. ஆனா இந்தப் பாட்டுல அடுத்தவன் வலை கட்டினான்னா அன்னிக்கு சாயங்காலம் பஞ்சாயத்து. நியூட்டனோட அண்டாவுல இந்தப் பாடு எங்க இருக்குன்னு கேட்டா அவரு தலையைச் சொறிவாரு.

கான்ட்டா? அவரைப் பத்திச் சொல்றேன், ஆனா அவருக்கும் நமக்கும் ரவ மனஸ்தாபம். 1768-ல ஒரு சின்னக் கட்டுரையில, திசைங்கறதே நம்ம ஒடம்புலேருந்துதான் கெடைக்குதுன்னு எழுதினாரு. எடது கை, வலது கை. ரெண்டும் அச்சு ஒண்ணுதான், ஆனா எடது கை உறை வலது கைக்கு ஏறாது. கையில திசைப்படம் இருந்தாக்கூட, எது என் வலப்பக்கம்னு தெரிஞ்சாத்தான் அது உதவும்னாரு. அவரு பொறந்து வளந்து செத்த ஊரு கோனிக்ஸ்பெர்க். அதை விட்டு ரொம்பத் தூரம் போனதே இல்லங்கறே. அதான் விஷயம். ஒரே தெருவுல நடந்தவருக்கு எடதும் வலதும் போதும்.

நம்ம ஊருல உன் ஆயாகிட்ட போய் "உப்பு எங்க"ன்னு கேளு. "அடுப்புக்குத் தெக்க"ன்னுவா. சோத்துக்கு உக்காந்தவன்கிட்ட "ரவ மேக்க நகரு"ன்னுவா. எடது வலதுன்னு அவ வாயில வந்து நான் கேட்டதில்ல. இதைப் பைத்தியக்காரத்தனம்னு நெனச்சுக்காதே. நெதர்லாந்துல நைமேகன்னு ஒரு ஊரு. அங்க மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்து ஆளுங்க 1990-கள்ல இதையே பரீட்சை பண்ணிப் பாத்தாங்க. பெடர்சன்னு ஒருத்தர் தமிழ்நாட்டுக்கே வந்து பண்ணாரு. மேசை மேல பொம்மை மிருகம் மூணு வரிசையா வைக்கறது. நல்லாப் பாத்துக்கன்னு சொல்லி, ஆளை அப்படியே திருப்பி, பின்னாடி இருக்குற மேசையில அதே மாதிரி வைன்னு சொல்றது. எடது வலதுன்னு பேசிப் பழகின டவுன்காரங்க தன் ஒடம்போட சேத்து வரிசையையும் திருப்பிட்டாங்க. வடக்கு தெக்குன்னு பேசுற கிராமத்தாளுங்க, வடக்க பாத்திருந்த மிருகத்தை வடக்க பாத்தே வச்சாங்க. ஆளு திரும்பினா மாடு எதுக்குத் திரும்பணும்?

அப்ப கான்ட்டு சொன்னது பொய்யான்னு கேக்குறே. பொய்யின்னு எதுக்குச் சொல்லணும், பெரிய மனுஷன். கை உறை விஷயத்துல அவரு சொன்னது சொன்னதுதான். ஆனா எங்க ஒடம்புல வாடைக்காத்தும் கச்சான்காத்தும் சேந்து இருக்குது. மேக்க மலை, கெழக்க ஏரி, நடுவுல வடக்கு தெக்கா ரயிலு. இப்படி ஒரு எடத்துல வளந்தவனுக்குத் திசை கையிலேருந்தா வரும்? கண்ணை மூடினாலும் முதுகுல மலை இருக்கு.

இப்ப உன் பெரிய வாத்தியாருக்கு வர்றேன். ஹுஸ்ஸெர்ல். உன் கும்பலுக்கே அவருதான் தலைக்கட்டு. 1934-ல ஒரு குறிப்பு எழுதி வச்சாராமே, பூமி அசையலன்னு. கோபர்நிகஸ் கணக்கு தப்புன்னு அவரு சொல்லலியே. அசையறது, நிக்கறதுங்கற ரெண்டுமே நம்ம காலுக்குக் கீழ இருக்குற தரையை வச்சுத்தான் புரியுது, அந்தத் தரை தானே அசையறதா நமக்கு அனுபவம் ஆகாதுன்னு சொன்னாரு. பறக்குற கப்பல்ல ஏறிப் போனாக்கூட பூமியையே மனசுல தரையா வச்சுக்கினுதான் போவேன்னு அந்தக் குறிப்புலயே யோசிச்சிருக்காருன்னு நீ சொன்னே. நான் அதைக் கேட்டுட்டு ஏரிப் பக்கம் பாத்தேன். அந்தாண்ட ராக்கெட் கெளம்பறப்ப மொதல்ல வெளிச்சம்தான் தெரியும். சத்தம் வர்றதுக்கு ஒரு நிமிஷத்துக்கு மேல ஆவும். இருவத்தஞ்சு கிலோமீட்டர் சுமாரு, கிலோமீட்டருக்கு மூணு விநாடி கணக்கு. சத்தம் இங்க வந்து ஓட்டுல அதிர்றப்ப ராக்கெட்டு எங்கயோ போயிருக்கும். போவட்டும். அதைப் பாக்கறதுக்குக் கழுத்தைத் தூக்கினவன் கால் ஒண்டி வரப்புலதான் இருக்கு.

அசையாத பூமி விஷயத்துல ஹுஸ்ஸெர்லுக்கு நான் ஒரு சாட்சி. நான் பொறந்தப்ப இது மெட்ராஸ் ராஜதானி, நெல்லூரு ஜில்லா, தலைநகரம் தெக்க. பொட்டி ஸ்ரீராமுலு மெட்ராஸ்ல உண்ணாவிரதம் இருந்து 1952 டிசம்பர்ல செத்துப்போனாரு. 1953 அக்டோபர் 1-ல ஆந்திரா பொறந்துச்சு. தலைநகரம் மேக்க கர்நூலுக்குப் போச்சு. 1956-ல ஐதராபாத்து. 2014-ல தெலங்கானா பிரிஞ்சு, அப்பால வடக்க அமராவதி. நெல்லூரு கலெக்டரைப் பாக்கப் போயிக்கினு இருந்தவன், 2022 ஏப்ரல்லேருந்து திருப்பதி ஜில்லா ஆளு. நான் இந்தத் திண்ணையை உட்டு நவுரல. தலைநகரம்தான் எங்களைச் சுத்திச் சுத்தி வந்துச்சு. கோபர்நிகஸ் தடாவுல பொறந்திருந்தா அவரு பொஸ்தகமே வேற மாதிரி இருந்திருக்கும்.

நடுவுல படாஸ்கர்னு ஒருத்தரு வந்து மெட்ராஸுக்கும் ஆந்திராவுக்கும் எல்லைக் கோட்டைத் திருத்தினாரு. 1960 ஏப்ரல் 1-ல அது அமுலுக்கு வந்துச்சு. திருத்தணி அந்தாண்ட போச்சு, சத்தியவேட்டுப் பக்கத்து ஊருங்க இந்தாண்ட வந்துச்சு. முட்டாள்கள் தினத்துல எதுக்குடா பண்ணாங்கன்னு என் அப்பன் கேட்டான். பதில் சொல்லத் தெரிஞ்சவன் அன்னிக்கு லீவு.

இப்ப கேளு, இங்கதான் உன் கும்பலோட எனக்கு வழக்கு.

எல்லையைப் பத்தி ஒழுங்காக் கேட்டவரு உன் ஜெர்மன்காரங்க இல்ல, இலங்கையில பொறந்த வாலண்டைன் டேனியல். திருச்சிப் பக்கம் ஒரு ஊருக்குப் போயி, ஊரு பேரை மாத்தி, 1984-ல பொஸ்தகம் போட்டாரு. ஊராளுங்ககிட்ட உங்க ஊரை வரைஞ்சு காட்டுங்கன்னு கேட்டாராம். சர்க்காரு கிராமம்னு கேட்டா சுத்திக் கோடு போட்டுக் காட்டினவங்க, ஊருன்னு கேட்டா கோட்டை மறந்துட்டாங்க. நடுவுல கோயிலு, அப்பால வழி உள்ள வர்ற எடம், முச்சந்தி, அங்கங்க காவலுக்கு நிக்கற சாமி. கோடு எங்கயும் ஒரே கனம் இல்ல; எந்தப் பக்கத்துலேருந்து கெட்டது வருமோ அந்தப் பக்கம் கெட்டி. அந்த ஊராளுங்க ஹுஸ்ஸெர்லைப் படிச்சவங்க இல்ல, ஆனா அவரு பரீட்சை வச்சிருந்தா பாஸு பண்ணியிருப்பாங்க.

இதைப் படிச்சுட்டு நீ குதிச்சே. "பாத்தியா தாத்தா, வாழ்ற வெளிதான் நெஜம், சர்க்காரு போட்ட கோடு வெறும் காகிதம்." அடங்கு. காகிதம்னு சொல்றியே, உன் பைக்குக்கு நேத்து எங்க பெட்ரோல் போட்டே? ஆரம்பாக்கத்துல. ஏன்? கோட்டுக்கு அந்தாண்ட, தமிழ்நாட்டுல லிட்டருக்கு ரூபா கம்மி. இங்கேருந்து வண்டி எடுத்தவன் கை, கோடு தாண்டுற வரைக்கும் பங்க்கு பக்கம் திரும்பறதே இல்ல. ரயில்ல பாரு. கும்மிடிப்பூண்டி, எளாவூரு, ஆரம்பாக்கம், தடா, அக்கம்பேட்டை, சூலூர்பேட்டைன்னு போற தண்டவாளத்துக்குக் கோடு தெரியாது. ஆனா சுண்டல் விக்கறவன் வாய் தெரிஞ்சுவச்சிருக்கு. எந்த ஸ்டேஷன் தாண்டினதும் தமிழை உட்டுட்டுத் தெலுங்குல கூவணும்னு அவன் யோசிக்கறதில்ல. ஹைவேயில வணிகவரிச் சாவடி இருந்துச்சே, 2017 ஜூலையில ஜி.எஸ்.டி. வந்து அதுக்கு வேலை போச்சு. அதுக்கப்பறமும் ரொம்ப நாளைக்கு அந்த எடம் வந்ததும் பழைய லாரி டிரைவருங்க காலு தானா பிரேக்கை மிதிச்சுது. கோடு போட்டவன் இங்க நடந்து பாத்துப் போடல. ஆனா எழுவது வருஷத்துல அந்தக் கோடு எங்க காலுக்குள்ள எறங்கிடுச்சு. இப்ப அது காகிதமா, ஒடம்பா?

ஏரியில இன்னும் மோசம். தண்ணிக்குள்ள ஆந்திரா எங்க முடியுது, தமிழ்நாடு எங்க ஆரம்பிக்குது? மீனைக் கேட்டா தெரியாது. ஆனா வலையை எடுத்துக்கினு தப்பான தண்ணிக்குப் போனவனுக்குத் தெரியும். ரெண்டு பக்கத்துக்கும் இதுல சண்டை வந்து சமாதானம் பேசினதெல்லாம் உண்டு. ஒருத்தனுக்கு வலை போச்சுன்னா அவன்கிட்ட போயி "கோடு உன் அனுபவத்துல இல்ல தம்பி"ன்னு சொல்லிப் பாரு. கழியோட நுனி இன்னாங்கறதை அவன் உனக்கு நல்லா வெளக்கிடுவான்.

உன் ஹுஸ்ஸெர்லுக்கே இது தெரியும்டா. 1933 ஏப்ரல்ல இன்னா ஆச்சு? அவரு யூதக் குடும்பத்துல பொறந்தவருன்னு சர்க்காரு உத்தரவு போட்டு யுனிவர்சிட்டியிலேருந்து ஒதுக்கிவச்சாங்க. அதே வருஷம் அதே பிரைபர்க் யுனிவர்சிட்டிக்குத் துணைவேந்தர் மாதிரி உக்காந்து, நாஜிக் கட்சியிலயும் சேந்தவரு ஆரு? அவரு சிஷ்யன் ஹைடெக்கரு. பதிவேட்டுல போட்ட ஒரு கோடுதானே, வாழ்ற வெளியில அதுக்கு எடம் இல்லன்னு அந்தக் கெழவரால சொல்ல முடிஞ்சுதா? பூமி நம்ம எல்லாருக்கும் அசையாத தரைன்னு அவரு எழுதினது அதுக்கு மறு வருஷம். எந்த நெலமையில எழுதினாருன்னு யோசிச்சுப் பாத்தியா, இல்ல பரீட்சைக்கு ஒண்டி படிச்சியா? மண்ணு, குடிசை, சொந்த ஊருன்னு ஜாஸ்தி உருகுறவன்கிட்ட எனக்கு எப்பவும் ரவ பயம். உருகி முடிச்சதும், இது உன் மண்ணு இல்லன்னு எவனையாவது வெளிய தள்ளுவான்.

அதே ஹைடெக்கரு 1951-ல டார்ம்ஷ்டாட்டுங்கற ஊருல பாலத்தைப் பத்திப் பேசினாரு. பாலம் வந்தப்பறம்தான் ரெண்டு கரையும் கரையாவுது, பாலம் ஊரைக் கூட்டிச் சேக்குதுன்னு. அழகான பேச்சு. சூலூர்பேட்டையிலேருந்து ஸ்ரீஹரிகோட்டாவுக்கு ஏரிக்கு நடுவுல மேடு தூக்கி ரோடு போட்டிருக்கான் பாரு, ஒரு நாள் பைக்குல போயிப் பாரு. மழைக்காலத்துல ரெண்டு பக்கமும் பூநாரை நிக்கும், பாக்க ஜோரா இருக்கும். மனுஷனுக்கு அந்த ரோடு ரெண்டு கரையைச் சேத்துச்சு, வாஸ்தவம். ஆனா தண்ணிக்கு அது செவுரு. ஒரே ஏரியா இருந்தது வடக்க ஒண்ணு, தெக்க ஒண்ணுன்னு ஆச்சு. கோடையில வடக்குப் பக்கம் காஞ்சு வெடிச்சுக் கெடக்கும், ஆளு நடந்துபோலாம். ராக்கெட்டு விஞ்ஞானிக்குச் சேத்தது எறாலுக்குப் பிரிச்சுது. ஆருக்குச் சேக்குது, ஆருக்குப் பிரிக்குதுன்னு கேக்காம பாலத்தைப் பத்தி ஒருத்தன் பேசினா, அவன் எறாலு புடிச்சதில்லன்னு அர்த்தம்.

இதெல்லாம் ஜெர்மன்காரங்களுக்கு ஒண்டி சொல்லல, நம்ம தமிழ்ப் பண்டிதருங்களுக்கும் சேத்துதான். நெலமும் பொழுதும் மொதப்பொருள்னு தொல்காப்பியத்துலயே இருக்குன்னு மீசையை முறுக்குவாங்க. இருக்கு, நல்ல பேச்சுதான். காலி அண்டா வேணாம், அங்க இன்னா பூக்குது, எவன் காத்துக்கினு இருக்கான், அது இன்னா வேளைன்னு சேத்துப் பாருன்னு சொன்னாங்க. சரி, ஏரிக்கரை நெய்தல். மேக்க மலை, உப்பலமடுகு அருவி, குறிஞ்சி. நடுவுல 2008-லேருந்து ஸ்ரீசிட்டின்னு ஒரு தொழிற்பேட்டை. மெட்ராஸ்ல ஓடுற மெட்ரோ ரயிலு பொட்டியையே அங்கதான் செய்யறான். அது எந்தத் திணை? மூணு ஷிப்ட்டு ஓடுற எடத்துக்குச் சிறுபொழுது எது? கம்பெனி பஸ்ஸுக்குக் காலையில நாலரைக்குக் காத்துக்கினு நிக்கிற பொண்ணு இருக்கே, அது நெய்தல் இரங்கலா, முல்லை இருத்தலா? பண்டிதருங்களைக் கேட்டா பாலைன்னுட்டு எழுந்து போயிடுவாங்க. நீ எழுந்து போவாதே. அந்தப் பொண்ணுகிட்ட போயி அந்த பஸ் ஸ்டாப்பு எத்தினி தூரம்னு கேளு. வீட்டுலேருந்து போறப்ப எத்தினி, ராத்திரி ஷிப்ட்டு முடிஞ்சு திரும்பி வர்றப்ப எத்தினின்னு தனித்தனியா கேளு. உன் வாத்தியாருக்குப் பிடிக்கும்.

இன்னா, எழுதிக்கினியா? எழுது எழுது. ஆனா இத்தினி நேரம் உன்னை எதுக்கு உக்கார வச்சுப் பேசினேன்னு நெனச்சே? சும்மாவா?

2020 டிசம்பர்லேருந்து சர்க்காரு நெலத்தை மறுபடியும் அளக்குதுன்னு கேட்டிருப்பே. வெள்ளைக்காரன் சங்கிலி புடிச்சு அளந்து நூறு வருஷம் ஆச்சுன்னு, இப்ப ட்ரோன் உட்டு, ரோவர்னு ஒரு கம்பை நட்டு அளக்குறான். நான் கழியை ஊன்றினா சேத்தைக் கேப்பேன். அவன் கம்பை ஊன்றினா வானத்துல செயற்கைக்கோளைக் கேக்குறான். வழி காட்டற செயற்கைக்கோளுங்களை 2013-லேருந்து ஏரிக்கு அந்தாண்டயிலேருந்தே எத்தினியோ உட்டாங்க. என் ஓட்டை அதிர வச்சுட்டுப் போனதுங்க. அந்த ஜாதிச் சரக்கு மேல நின்னுக்கினு என் வரப்பு எங்கன்னு சொல்லப்போவுது. நான் எம்பது வருஷமா அந்த வரப்பு மேல நடக்குறேன், என்னைக் கேக்க ஆளில்ல.

நாளைக்குக் காலையில சர்வேயர் வர்றான். நம்ம கழனிக்குத் தெக்கத்திக்காரன் இருக்கானே, அவன் வேலி மூணு நாலு வருஷமா நம்ம பக்கம் நவுந்துக்கினே வருது. பூமி அசையலன்னு உன் வாத்தியாரு சொன்னாரு, வேலியைப் பத்தி ஒண்ணும் சொல்லல. தெக்கத்திக்காரன் காப்பி, இட்லின்னு சர்வேயரைச் சாச்சுப்புடுவான். அதுக்கு எடம் குடுக்காம நீ கூடவே நின்னுக்க. நியூட்டன்ல ஆரம்பி, கான்ட்டோட கை உறையை எடுத்துக் காட்டு, ஒரு மணி நேரம் அவனை அந்தாண்ட இந்தாண்ட திரும்ப உடாதே. தெக்கத்திக்காரனும் படிச்ச பையன் பேசுறானேன்னு வாயைப் பொளந்துக்கினு நிப்பான். கம்பை எங்க நடணும்கறதை நான் பாத்துக்கறேன்.

ஆறு மணிக்கெல்லாம் எழுந்துடு. செருப்பு போட்டுக்கினு வராதே, வரப்பு வழுக்கும்.